அஞ்செட்டி போன் நம்பரில் ஏழு பேர்

“அப்பா பேரு?”

“மோட்டார் வாங்கினது அவரு மேரியக்கா. அவங்க அப்பா செத்து இருபது வருசம் ஆச்சு.”

“செத்தவருக்கும் பேர் இருக்கும் இல்ல? பிறந்த ஊர் எது? எந்தக் கிணத்துக்கு வாங்கினாரு?”

“மோட்டார் விக்கிறமா, பொண்ணு பாக்கப் போறமா? ஜாதகமும் வாங்கிட்டு வந்துடறேன், விடுங்க.”

சிரித்துக்கொண்டே அந்த விற்பனைப் பிரதிநிதி தன் சீட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு போவார். அடுத்த வாரம் அப்பா பெயரோடு வருவார். வராவிட்டால் அற்புதமேரி அந்தச் சீட்டை வாங்கமாட்டாள். ஓசூர் சிப்காட்டில், நீர் இறைக்கும் மோட்டாரும் ஸ்டார்ட்டர் பெட்டியும் செய்கிற அந்தக் கம்பெனியின் விற்பனைப் பிரிவில் அவளுக்கு வைத்திருந்த பட்டப்பெயர் தாசில்தாரம்மா.

பெயருக்கு ஏற்ற வேலைதான். வாடிக்கையாளர் பெயர்கள் மூன்று வழியாக அவள் மேஜைக்கு வந்து சேரும். ஊர் ஊராகப் போகும் பிரதிநிதிகள் யாரைப் பார்த்தோம், என்ன பேசினோம் என்று எழுதித் தரும் சீட்டு ஒன்று. கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சியில் குலுக்கல் பரிசுக்காக மக்கள் நிரப்பிப் போடும் கூப்பன் இன்னொன்று. மோட்டார் விற்றதும் டீலர் அனுப்பும் கியாரண்டி கார்டு மூன்றாவது. மூன்றையும் கோத்து, ஒரு ஆளுக்கு ஒரு அட்டை என்று எழுதி மரப்பெட்டியில் அடுக்கவேண்டும். கூப்பன் போட்டவரே சீட்டிலும் இருப்பார், சீட்டில் இருப்பவரே கார்டிலும் வருவார். ஒரே ஆளை மூன்று பேராக எண்ணினாலும் தப்பு, மூன்று பேரை ஒரே ஆளாக எண்ணினாலும் தப்பு. தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரே கிராமத்தில் நான்கு திம்மப்பன்கள் இருப்பார்கள். அப்பா பெயரும் பிறந்த ஊரும் கிணறும் கேட்காமல் எப்படிப் பிரிப்பது?

பன்னிரண்டு வருடங்களில் ஆறாயிரத்து இருநூறு அட்டைகள். ஒன்றிலும் பிழை கிடையாது.

ஆனால் அவள் அத்தனை பேரிடமும் அப்பா பெயரையும் பிறந்த ஊரையும் கேட்டதற்கு இன்னொரு காரணம் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

1981 பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை, அவள் கணவன் யேசுராஜ் பெங்களூரில் கட்டட வேலை கிடைத்திருக்கிறது என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினான். திரும்பி வரவில்லை. சண்டை இல்லை, சச்சரவு இல்லை. அவள் கட்டிக்கொடுத்த எலுமிச்சைச் சோற்றை வாங்கிக்கொண்டு, “ஞாயித்துக்கிழமை வந்துடறேன்” என்றான். எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள்! செத்தானா, இருக்கிறானா? இருந்தால் யாரோடு? தெரியாமலேயே பன்னிரண்டு வருடங்கள்.

அந்த வருடக் கடைசியில்தான் இந்த வேலையில் சேர்ந்தாள். சுற்றுவட்டாரத்துப் பெயர்களெல்லாம் தன் கை வழியாகப் போகின்றன என்று தெரிந்த அன்று அவளுக்கு ஒரு ஆசை வந்தது. என்றாவது ஒருநாள் ஒரு சீட்டில் அந்தப் பெயர் வராதா? யேசுராஜ்கள் வந்தார்கள். ஒருவர் அப்பா பெயர் சவரிமுத்து, இன்னொருவர் பிறந்தது எலத்தகிரி. அவர்கள் யாரும் அவளுடைய யேசுராஜ் இல்லை. அருளப்பன் மகன், பிறந்த ஊர் மத்தூர் என்று எழுதிய அட்டை மட்டும் வரவே இல்லை.

மூக்கண்டப்பள்ளியில் ஒற்றை அறை. காலையில் ஆக்கிய சோற்றையே ராத்திரியும் சாப்பிடுவாள். ஞாயிறன்று கோயிலுக்குப் போனால் கைம்பெண்களோடு உட்காரவும் மனம் வராது, புருஷனோடு வந்த பெண்கள் பக்கமும் போகக் கூசும். கடைசித் தூணோரம் நிற்பாள். ஒருமுறை, மனைவியை இழந்த ஒரு பள்ளி ஆசிரியர் அவளைக் கேட்டு ஆளனுப்பினார். பாதிரியார் வருத்தத்தோடுதான் சொன்னார்: “அவர் இறந்ததுக்கு அத்தாட்சி இருந்தா நானே கல்யாணத்தை மந்திரிச்சு வைப்பேன்மா. அது இல்லாம முடியாது.” அந்த ஆசிரியர் அடுத்த வருடம் வேறொருத்தியை மணந்துகொண்டார். பாடல் குழுவில் இருவரும் சேர்ந்து நிற்பதை அவள் தூணோரம் நின்று பார்த்திருக்கிறாள்.

1993 மார்ச்சில் விற்பனைப் பிரிவுக்கு கம்ப்யூட்டர் வந்தது. அதற்கென்று கண்ணாடி அறை, ஏ.சி. செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் போகவேண்டும். விற்பனை அதிகாரி பாஸ்கரன் நல்லவர், சுறுசுறுப்பானவர், எதையும் உடனே முடித்துவிட நினைப்பவர். சீட்டு, கூப்பன், கார்டு மூன்றும் இனி நேராகக் கம்ப்யூட்டருக்கே போகும் என்று ஏற்பாடு செய்தார். ஒரே ஆள் இரண்டு தடவை ஏறாமல் இருக்க அவர் கண்டுபிடித்த வழி, போன் நம்பர். ஒரு நம்பர், ஒரு வாடிக்கையாளர்.

“பேர் மாறும், ஊர் மாறும். நம்பர் மாறாதுங்க மேடம்” என்றார்.

“சார், நம்ம ஜனங்க கொடுக்கிறது பாதிக்கு மேல பி.பி. நம்பர் சார். பக்கத்துல இருக்கிற கடைக்காரர் வீட்டுது. போன் பண்ணினா அவங்க போய்க் கூட்டிட்டு வருவாங்க. ஒரு நம்பர்ல ஒரு ஊரே இருக்கும்.”

“எத்தனை இருக்கப்போகுது? பத்தோ இருபதோ. அப்புறம் பார்த்துக்கலாம்.”

மே மாதம் எல்லாம் ஏற்றி முடிந்தது. ஆறாயிரத்து இருநூறு, நாலாயிரத்துத் தொள்ளாயிரமாகச் சுருங்கியது. பாஸ்கரன் லட்டு வாங்கிக் கொடுத்தார். “ஆயிரத்து முந்நூறு டூப்ளிகேட்! இத்தனை வருசமா ரெண்டு ரெண்டு தடவை தபால் போட்டிருக்கோம்.”

அற்புதமேரி லட்டைக் கையிலேயே வைத்திருந்தாள். தன் அட்டைகளில் ஆயிரத்து முந்நூறு பிழையா? சொல்ல வாயெடுத்தாள். எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். மரப்பெட்டிகளைக் குடோனுக்கு அனுப்பினார்கள். அவளுக்குக் கவர் ஒட்டும் வேலை கொடுத்தார்கள்.

ஆகஸ்டில் அந்தச் செய்தி வந்தது. மத்தூர் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் ஸ்டார்ட்டர் பெட்டியை உரசிய எருமை அந்த இடத்திலேயே விழுந்து செத்துவிட்டது. பெட்டியைப் பிரித்துப் பார்த்தால், உள்ளே ஒரு ஒயர் இரும்புத் தகட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதே தொகுதியில் செய்த இருநூற்றுப் பன்னிரண்டு பெட்டிகளிலும் அந்தப் பிழை இருக்கலாம். எருமைக்கு நேர்ந்தது மனிதருக்கு நேர எவ்வளவு நேரம் ஆகும்?

தலைமை அலுவலகம் நடுங்கிப்போனது. அந்தப் பெட்டி வாங்கிய ஒவ்வொருவருக்கும் அன்றே கடிதம் போகவேண்டும்: எங்கள் ஆள் வந்து பார்க்கும்வரை ஸ்டார்ட்டரைத் தொடாதீர்கள்.

கம்ப்யூட்டர் முகவரிச் சீட்டுகளைக் கடகடவென்று அச்சடித்துத் தள்ளியது. மத்தியானம் எல்லோரும் கேண்டீனுக்குப் போய்விட்டார்கள். அற்புதமேரி மட்டும் உட்கார்ந்து கவர்களில் ஒட்டினாள். ஒட்டிக்கொண்டே எண்ணுவது அவள் பழக்கம். நூற்று எழுபத்தொன்று. கட்டை உதறிப் பார்த்தாள். அவ்வளவுதான்.

நாற்பத்தொரு பேர் எங்கே?

ஓடிப்போய் டீலர்கள் அனுப்பிய கியாரண்டி கார்டுக் கட்டுகளை எடுத்துவந்து முகவரிகளோடு வைத்துப் பார்த்தாள். அவள் பயந்ததேதான். ஒரே பி.பி. நம்பரில் முதலில் ஏறியவரை வைத்துக்கொண்டு, மற்றவர்களைக் கம்ப்யூட்டர் விழுங்கியிருந்தது. அஞ்செட்டி மளிகைக் கடை ஆஞ்சப்பன் நம்பரில் மட்டும் ஏழு கார்டுகள். எல்லாம் நாட்றாம்பாளையத்துக்காரர்கள். கடிதம் திம்மப்பன் ஒருவருக்குத்தான் தயாராகியிருந்தது. விட்டுப்போன ஆறு பேரின் கார்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பினாள். முனிசாமி. வெங்கடசாமி. மாரம்மா. இன்னொரு முனிசாமி. சென்னம்மா.

ஆறாவது கார்டைத் திருப்பினாள்.

யேசுராஜ். அப்பா பெயர் அருளப்பன். பிறந்த ஊர் மத்தூர்.

அவனே கைப்பட எழுதியிருந்தான். ‘ரு’வின் வாலை அடுத்த எழுத்துக்குக் கீழே வரை இழுத்துவிடும் அதே எழுத்து. கல்யாணப் பத்திரிகைக் கவர்களை இருவரும் உட்கார்ந்து எழுதியபோது அந்த வாலைப் பார்த்துத்தான் அவள் சிரித்தாள். கார்டில் தேதி மே பதினெட்டு. மூன்று மாதமாக இந்தக் கட்டிடத்துக்குள்ளேயே, அவள் நாற்காலிக்கு இருபது அடி தூரத்தில் இருந்திருக்கிறான்! கார்டுகள் அவள் கையைத் தொடாமல் கண்ணாடி அறைக்குப் போகத் தொடங்கிய பிறகு வந்த கார்டு.

உயிரோடு இருக்கிறான். நிலம் வாங்கி, கிணறு வெட்டி, மோட்டார் போட்டு இருக்கிறான். ஐந்து மணி நேரப் பயண தூரத்தில்.

ஜன்னலுக்கு வெளியே மதிய ஷிப்ட் ஆட்கள் சைக்கிளில் போனார்கள். அவள் அந்தக் கார்டை மேஜையில் கவிழ்த்து வைத்தாள். கட்டுகளை எண்ணச் சொல்லி யாரும் அவளிடம் சொல்லவில்லை. கம்ப்யூட்டர் கொடுத்தது நூற்று எழுபத்தொன்று, அவள் ஒட்டியது நூற்று எழுபத்தொன்று. இந்தக் கட்டைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டால் யாரும் அவளைக் கேட்கமாட்டார்கள். பாதிரியார் கேட்ட அத்தாட்சி தானாகக் கிடைத்துவிடும். இதற்காக அவள் ஒரு விரலைக்கூட அசைக்க வேண்டியதில்லை.

ஆண்டவரே, இதை நினைத்தது அவள்தானா? நினைத்தாள்தான். நினைக்கவில்லை என்று யாரிடம் பொய் சொல்வது? பன்னிரண்டு வருடத் தனிமை அவள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சும்மா இரு, சும்மா இரு என்று சொல்லிக்கொண்டிருந்தது. அவள் அழவில்லை. கவர் ஒட்டிய பசை விரல்களில் காய்ந்து இறுகிக்கொண்டிருந்தது.

பிறகு இன்னொரு கட்டை எடுத்தாள். பிரதிநிதிகளின் சீட்டுகள். அஞ்செட்டி வழித்தடத்துக்குப் போனவர் அந்த வாரம் எழுதியிருந்தார்: ‘மலைக் கிராமங்களில் இந்த வாரம் மோட்டார் கரண்ட் மாலை நாலு மணிக்குத்தான். மறுபடி வரவும்.’

நாலு மணிக்குக் கரண்ட் வரும். நாலு மணிக்கு ஆறு தோட்டங்களில் ஆறு பேர் ஸ்டார்ட்டரைத் தொடுவார்கள்.

கடிகாரத்தில் ஒன்று ஐம்பது. அவள் எழுந்து கேண்டீனுக்கு ஓடினாள். அற்புதமேரி ஓடியதை அந்தக் கம்பெனியில் அதுவரை யாரும் பார்த்ததில்லை.

பாஸ்கரன் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையோடு வந்தார். கார்டுகளைப் பார்த்தார்.

“சொன்னீங்களே மேடம்... அன்னிக்கே சொன்னீங்களே.”

“அதை அப்புறம் பேசிக்கலாம் சார். முப்பத்தஞ்சு பேர் மத்தூர், தேன்கனிக்கோட்டை, ராயக்கோட்டைப் பக்கம். டீலருங்களுக்குப் போன் போட்டா, கடிதம் போற மத்தவங்களுக்கும் சேர்த்தே சைக்கிள்ல ஆள் அனுப்புவாங்க. மலை மேல இருக்கிற ஆறு பேருக்குத்தான் வழியில்ல. திம்மப்பனையும் சேர்த்தா ஏழு. அவருக்குத் தபால் போய்ச்சேர மூணு நாளாவும்.”

“மெக்கானிக் முனிவேலை ஜீப்ல அனுப்பிடலாம்.”

“இப்ப கிளம்பினாலும் இருட்டிடும் சார். அந்தப் பி.பி. நம்பர் இருக்கே.”

டெலிபோன் போர்டில் இருந்த ஜெபசீலி அவசர அழைப்புக்குப் பதிவு செய்தாள். அஞ்செட்டி கிடைக்கும்போது இரண்டு நாற்பத்தைந்து.

“யாருங்க? ஆஞ்சப்பன் கடைங்க!” அந்தப் பக்கம் கத்தல்.

“ஓசூர் மோட்டார் கம்பெனிங்க. உங்க நம்பர் குடுத்திருக்கிற நாட்றாம்பாளையத்துக்காரங்க ஏழு பேருக்குச் சேதி சொல்லணும். உயிர் போற விஷயம்.”

“என் நம்பரா? ஏங்க, அது என் நம்பரே இல்லீங்க, இந்த மலைக்கே பொதுங்க! சொல்லுங்க, யார் யாருக்கு?”

அவள் சொன்னாள். ஸ்டார்ட்டரை யாரும் தொடக்கூடாது, நாளைக்கு ஆள் வரும். திம்மப்பன். முனிசாமி, நஞ்சுண்டப்பன் மகன். வெங்கடசாமி. மாரம்மா. முனிசாமி, கரியப்பன் மகன். சென்னம்மா.

நிறுத்தினாள்.

“ஆறு ஆச்சுங்க. ஏழுன்னீங்களே?”

பன்னிரண்டு வருடங்களாக அவள் வாயால் சொல்லாத பெயர். பாஸ்கரன் பக்கத்தில் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“யேசுராஜ்” என்றாள். “அருளப்பன் மகன். மத்தூர்ல பிறந்தவரு.”

“அட, நம்ம ராஜு மேஸ்திரி! நஞ்சம்மா ஊட்டுக்காரரு! மூணே கால் பஸ் இங்கதான் நிக்குதுங்க. கண்டக்டர்கிட்ட சீட்டெழுதிக் குடுத்துட்டா, ஸ்டாப்பிங்ல எறங்கினதும் ஆளுக்கு ஒரு பக்கம் ஓடிச் சொல்லிடுவாங்க. நாலுக்குள்ள ஆயிடும், பயப்படாதீங்க. யாரு சொன்னதுன்னு கேட்டா என்னான்னு சொல்றது?”

“கம்பெனியில இருந்துன்னு சொல்லுங்க.”

ரிசீவரை வைத்தாள். நஞ்சம்மா வீட்டுக்காரர்! உலகத்தில் ஒரு பெண் அந்த மனிதனைத் தன் வீட்டுக்காரர் என்று சொல்லிக்கொண்டு, பகல் வெளிச்சத்தில் நடமாடுகிறாள். அவளுக்கு அந்த உரிமை எட்டு வருடமாக இருக்குமோ, பத்து வருடமாகவோ? அன்று மீதி நேரமும் அற்புதமேரி மீதிப் பேருக்காக டீலர்களோடு போனில் பேசினாள். குரல் ஒருமுறைகூடத் தடுமாறவில்லை என்று ஜெபசீலி பிற்பாடு சொன்னாள்.

மெக்கானிக் முனிவேல் மறுநாள் விடியற்காலையில் ஜீப்பில் போய், அதற்கடுத்த நாள் கசங்கிய சட்டையும் ஏழு சர்வீஸ் சீட்டுமாக வந்தான்.

“ஆறு பொட்டி நல்லா இருந்துச்சுக்கா. ஒண்ணுதான் எமன். டெஸ்டரை வச்சதும் பல்ப் மாதிரி எரியுது. அந்த ராஜு மேஸ்திரி தோட்டத்துது.”

அவள் பேனாவை மூடினாள். “அவர்... தொட்டிருந்தா?”

“அவரு எங்கக்கா தொடறது? பொழுது விடிஞ்சா மேஸ்திரி வேலைக்குப் போயிடறாரு, வாரத்துல ரெண்டு நாள்தான் ஊட்டுல. மோட்டார் போடறதெல்லாம் அந்த நஞ்சம்மாதான். வாய்க்கால் தண்ணியில நின்னுக்கிட்டு, வெறுங்கால்ல. பஸ்காரன் சீட்டு வந்தப்ப ஸ்டார்ட்டர்கிட்டப் போயிட்டிருந்துச்சாம். பக்கத்துத் தோட்டத்துக்காரரு கத்தினதும் நின்னுடுச்சு.”

அற்புதமேரி சீட்டைப் பார்த்தாள். வாடிக்கையாளர் கையெழுத்து என்ற இடத்தில் நீல மையில் ஒரு பெருவிரல் ரேகை.

தனக்குள் நடந்த போராட்டம் முழுவதும் ஒரு ஆணுக்காக என்று நினைத்திருந்தாள். அங்கே செத்திருக்க வேண்டியவள் வேறொருத்தி. அவள் பெயர் எந்த அட்டையிலும் இல்லை, கார்டிலும் இல்லை. வாங்கியவன் பெயரைத்தான் கேட்டார்கள். இயக்குகிறவள் பெயரைக் கேட்க அவளுக்குமே இத்தனை வருடங்களாகத் தோன்றவில்லை.

மரப்பெட்டிகள் குடோனிலிருந்து திரும்பி வந்தன. பாஸ்கரன் எல்லோர் முன்பாகவும் அவளிடம் மன்னிப்புக் கேட்டார். அப்பா பெயரும் பிறந்த ஊரும் கிணறும் சேராமல் இரண்டு பேரை ஒன்றாக்கக்கூடாது என்று கம்ப்யூட்டர் முறையை மாற்றினார். ஆயிரத்து முந்நூறையும் ஒவ்வொன்றாகப் பிரிக்கிற வேலை அவளுடையது. அவள் கார்டில் ஒரு இடம் கூடுதலாகக் கேட்டாள்: மோட்டாரைப் போடுகிறவர் பெயர். கேலி பேசுவார் யாராவது என்று பார்த்தாள். யாரும் பேசவில்லை.

அஞ்செட்டிச் சந்தை நாளன்று பகல் பதினொரு மணிக்கு ஜெபசீலி அவள் மேஜைக்கு ஒரு அழைப்பைத் திருப்பினாள். “மேரியக்கா, உங்களைத்தான் கேக்குறாங்க. போன்ல சேதி சொன்ன அம்மா வேணுமாம்.”

“அக்கா! நீங்கதானா அது? நான் நஞ்சம்மா பேசறேன், நாட்றாம்பாளையம்!” போனில் பேசிப் பழகாத குரல், சந்தை இரைச்சலுக்கு மேலே கூவியது. “ஆஞ்சப்பண்ணன்கிட்ட நாலு வாரமா கேட்டு நம்பர் வாங்கினேன். நீங்க நல்லா இருக்கோணும் அக்கா. நீங்க சொல்லலைன்னா என் மூணு புள்ளைங்களும் அநாதைங்க!”

“மூணு பேரா?” என்றாள் அற்புதமேரி.

“மூணும் பொட்டைங்க. பெரிசு நாலாவது படிக்குது. உங்களுக்கு எத்தினி அக்கா?”

“எனக்கு இல்லம்மா.”

“ஊட்டுக்காரரு என்னா பண்றாரு?”

கோயிலில், பஸ்ஸில், ரேஷன் கடையில் எத்தனையோ பேர் கேட்ட கேள்வி. வெளியூரில் வேலை என்று ஒரு பதில் அவளிடம் எப்போதும் தயாராக இருக்கும். அதை இந்தப் பெண்ணிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

“நான் தனியாத்தான் இருக்கேன்மா.”

“அய்யோ பாவமே! அப்ப நீங்க பண்டிகைக்கு நம்ம ஊட்டுக்கு வந்துடுங்க. நாங்களும் கிறிஸ்மஸ் கும்பிடறவங்கதான், கட்டிக்கிட்ட அப்புறம் நானும் மாறிட்டேன். களியும் கோழியும் பண்ணிப் போடறேன். வரணும், ஆமா! இருங்க, இவரும் இங்கதான் நிக்கிறாரு. ஒரு வார்த்தை சொல்லட்டும். ஏங்க! வாங்க இப்படி, கூச்சப்படாதீங்க. என் உசிரைக் காப்பாத்தினவங்க.”

“வேண்டாம்மா” என்றாள் அவள். நஞ்சம்மா அதற்குள் ரிசீவரைக் கை மாற்றியிருந்தாள்.

“அலோ” என்றது அந்தக் குரல்.

கொஞ்சம் தடித்திருந்தது. மற்றபடி அதேதான்.

“அலோ... அம்மா? ரொம்ப நன்றிங்கம்மா.”

கேட்பதற்கு அவளிடம் பன்னிரண்டு வருடக் கேள்விகள் இருந்தன. ஒரு பெயரைச் சொன்னால் போதும், மேரி என்று. அந்த மலைமேல் இருக்கிற வீடு இன்று இரவே இரண்டாக உடையும். அவனுக்குப் பின்னால் நஞ்சம்மாவின் சிரிப்புக் கேட்டது. நான்காவது படிக்கிற பெண்ணுக்கு வளையல் விலை கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அலோ? யாருங்க, பேர் என்னாங்க உங்க பேரு?”

அற்புதமேரி ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு, அவன் மூச்சு இழுத்து விடுவதை இரண்டு முறை கேட்டாள். பிறகு மெதுவாக, சத்தம் வராமல், வைத்தாள்.

கை ரிசீவரின் மேலேயே இருந்தது. போர்டிலிருந்து ஜெபசீலி எட்டிப் பார்த்தாள்.

“பேசி முடிச்சாச்சாக்கா? லைனை எடுத்துக்கட்டுமா?”

“எடுத்துக்கம்மா.”